புழுதிக் காற்றும் 40 சென்ட் ஊசியும்

ஆப்பிரிக்காவின் மேற்கே செனகலில் தொடங்கிக் கிழக்கே எத்தியோப்பியா வரை, சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஒரு நீண்ட பட்டையாகக் கிடக்கிறது சஹேல் நிலம். டிசம்பர் பிறந்தால் அங்கே 'ஹர்மட்டான்' என்னும் வறண்ட காற்று கிளம்பிவிடும். பாலைவனப் புழுதியை அள்ளிவந்து ஊர்கள் மேல் கொட்டும். பட்டப்பகலில் சூரியன் மங்கித் தெரியும். உதடு வெடிக்கும், மூக்குக்குள் தோல் உரிந்து ரத்தம் கசியும். இரவில் குளிர் என்பதால் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுப்பார்கள். மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் ஊருக்கு ஊர் பிள்ளைகள் காய்ச்சலில் விழுவார்கள். கழுத்து விறைக்கும், வெளிச்சம் பட்டால் கண் கூசும், பிதற்றலும் வலிப்பும் வரும். மே, ஜூனில் முதல் மழை இறங்கியதும் நோய் அடங்கிவிடும்.

1963-ல் லாப்பேசொனி என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் இந்த நிலத்துக்கு வரைபடத்தில் எல்லை கட்டினார். ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழை பெய்யும் கோடு வடக்கே, 1,100 மில்லிமீட்டர் கோடு தெற்கே. இடைப்பட்டதெல்லாம் அந்த நோயின் பெயரால் 'மெனிஞ்சைட்டிஸ் பட்டை'. இன்றைய கணக்கில் அதற்குள் 26 நாடுகள் வருகின்றன. அங்கே 10 ஆண்டுக்கு ஒரு முறையாவது பெரிய அலை வரும் என்பது மக்களே அறிந்து வைத்திருந்த கணக்கு. 1996-97ல் வந்ததுதான் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது. 2,50,000 பேர் நோயில் விழுந்தார்கள். அவர்களில் 25,000 பேர் இறந்தார்கள்.

இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அப்போது இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்து 109 ஆண்டுகள் ஆகியிருந்தன. பென்சிலின் வந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. குழந்தைகளைக் காக்கும் தடுப்பூசி எப்படிச் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அத்தனை பேரும் இறந்தது அறிவு இல்லாததால் அல்ல. விலை கட்டுப்படியாகாததால்.

மூக்கில் குடியிருக்கும் எதிரி

மூளையையும் முதுகுத் தண்டையும் மூன்று மெல்லிய சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. அவற்றில் ஏற்படும் அழற்சிதான் மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளை உறைக் காய்ச்சல். வைரஸாலும் வரும், பூஞ்சையாலும் வரும், காசநோய்க் கிருமியாலும் வரும். ஆனால் காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளையை மறுநாள் காலைக்குள் பறித்துக்கொள்ளும் வேகம் பாக்டீரியாவுக்குத்தான் உண்டு. கொசு கடித்து வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு நோய். அதற்குப் போடும் ஊசி இதைத் தடுக்காது.

பெரிய குற்றவாளிகள் மூவர். மெனிங்கோகாக்கஸ், நியூமோகாக்கஸ், ஹிப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே பி. பிறந்து சில நாளே ஆன சிசுக்களுக்கு மட்டும் இந்தப் பட்டியல் மாறும். அவர்களை இ-கோலை, கிளெப்சியெல்லா, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை தாக்கும். பிரசவத்தின்போதோ மருத்துவமனையிலோ தொற்றிக்கொள்பவை அவை.

மேற்சொன்ன மூன்றுக்கும் விசித்திரமான பொதுக்குணம் ஒன்று உண்டு. மூன்றுமே சாதுவாக நம் மூக்குக்கும் தொண்டைக்கும் பின்னால் குடியிருப்பவை. நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்களில் பலர் இவற்றைச் சுமந்து திரிகிறார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், தமக்கே தெரியாமல். இருமும்போதும், முத்தமிடும்போதும், ஒரே டம்ளரில் வாய்வைத்துக் குடிக்கும்போதும் எச்சில் துளி வழியாக அடுத்தவருக்குப் போகிறது. போகிற இடத்திலும் பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது. அதனால்தான் நோயாளி யாரிடமிருந்து வாங்கினார் என்று தேடினால் ஆள் அகப்படுவதில்லை. நோயைக் கொடுத்தவர் நோயாளியே அல்ல.

புழுதியும் வறட்சியும் மூக்கின் உட்சவ்வைப் புண்ணாக்கும்போதோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போதோ, அந்தச் சாது ரத்தத்துக்குள் நுழைகிறது. இந்தக் கிருமிகளைச் சுற்றி ஒரு சர்க்கரை உறை இருக்கிறது. வெள்ளை அணுக்கள் அதைப் பிடிக்கப் போனால் வழுக்கிவிடும். ரத்தத்தில் பெருகி, மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டிவிட்டால் அப்புறம் கட்டுப்பாடே இல்லை. மூளையைச் சுற்றியுள்ள நீரில் காவலுக்கு ஆள் குறைவு. தாமதமாக வந்துசேரும் வெள்ளை அணுக்களும் அவை கிளப்பும் அழற்சியும் சேர்ந்து மூளையை வீங்க வைக்கின்றன. மண்டையோடு விரியாது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சேதத்தில் பாதிக்குக் கிருமி பொறுப்பென்றால் மீதிக்கு நம் உடம்பின் சண்டையே பொறுப்பு.

மெனிங்கோகாக்கஸ் ரத்தத்திலேயே பெருகினால் தோலில் ஊதாவும் சிவப்புமாகப் புள்ளிகள் தோன்றும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் அவை மறையாது. கறுத்த தோலில் இவை சட்டென்று கண்ணுக்குத் தெரியாது என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ கழுத்து விறைப்பே இல்லாமல் போகலாம். பால் குடிக்காது, தூக்கினால் கீச்சென்று அழும், துவண்டு கிடக்கும், உச்சிக்குழி புடைத்து நிற்கும். பச்சிளம் சிசுவுக்குக் காய்ச்சலுக்குப் பதிலாக உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் மெனிங்கோகாக்கஸ் நோயாளிகளில் பாதிப் பேர் இறந்துபோவார்கள். சிலர் 24 மணி நேரத்துக்குள்.

முதுகில் ஒரு ஊசி

"முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே டாக்டர்… அது மட்டும் வேணாம்."

எந்த அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. பெரும்பாலும் பாட்டியோ பெரியம்மாவோ சொல்வார். அம்மா அழுதுகொண்டு நிற்பார். அந்த ஊசி இல்லாமல் இந்த நோயை உறுதிசெய்ய நல்ல வழி இன்றுவரை இல்லை. 1891-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிஹ் குயின்கே என்ற மருத்துவர் தொடங்கி வைத்த முறை, ஏறக்குறைய மாறாமல் அப்படியே தொடர்கிறது.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். செவிலியர் ஒரு கையால் பிடரியையும் இன்னொரு கையால் முழங்காலையும் சேர்த்து அணைத்து, முதுகு வில்லாக வளையும்படி பிடித்துக்கொள்வார். இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து நேராகக் கோடு இழுத்தால் முதுகெலும்பில் அது தொடும் இடம்தான் குறி. முதுகுத் தண்டு அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. கீழே நீரில் மிதப்பவை நரம்பிழைகள் மட்டுமே. ஊசி நுழைந்தால் அவை விலகிக்கொள்ளும். கால் விளங்காமல் போகும் என்ற பயத்துக்கு இதுதான் பதில். ஊசியின் பின்முனையில் சொட்டுச் சொட்டாக நீர் விழும். ஆரோக்கியமானவர் உடம்பில் அது தெள்ளத் தெளிவாக இருக்கும். பாக்டீரியா புகுந்திருந்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரிக் கலங்கி வரும். அனுபவப்பட்ட மருத்துவருக்கு அந்த முதல் சொட்டே போதும். ஆய்வக முடிவுக்காகக் காத்திராமல் மருந்தை ஏற்றச் சொல்லிவிடுவார். ஒரு கன மில்லிமீட்டரில் 5-க்கு மேல் இருக்கக்கூடாத வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதும், நீரிலுள்ள சர்க்கரையின் அளவு இறங்கிப்போயிருப்பதும் பிறகு சீட்டில் எழுதி வரும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் கேட்டு இரண்டு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வலிப்பு வந்தபிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அரைகுறை மருந்து நோயைக் குணப்படுத்தியிருக்காது. ஆனால் ஆய்வகத்தில் கிருமி வளராதபடி செய்திருக்கும். எந்தக் கிருமி என்று தெரியாமலே மருத்துவர் சிகிச்சை கொடுக்க வேண்டியிருக்கும். இறந்த கிருமியின் மரபணுவையும் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தீர்த்திருக்கிறது, அந்த வசதி இருக்கும் இடங்களில்.

குதிரை முதல் செஃப்ட்ரியாக்சோன் வரை

1805-ல் ஜெனீவாவில் இந்த நோய் கொள்ளைநோயாக வந்ததை வியூசோ என்ற மருத்துவர் பதிவுசெய்தார். 1887-ல் வியன்னாவில் வைக்செல்பாம் மெனிங்கோகாக்கஸைக் கண்டெடுத்தார். அடுத்து வந்தது குதிரை. நியூயார்க்கில் சைமன் ஃபிளெக்ஸ்னர் குதிரைகளுக்குக் கிருமியைச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை நோயாளிகளின் முதுகுத் தண்டு நீரிலேயே ஏற்றினார். அதுவரை முக்கால்வாசி நோயாளிகளைக் கொன்றுவந்த நோயில், அவர் 1913-ல் வெளியிட்ட சுமார் 1,300 பேரின் கணக்கில் இறப்பு மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. பிறகு 1930களில் சல்ஃபா, 1940களில் பென்சிலின்.

இன்று முதலில் கைக்கு எடுப்பது செஃப்ட்ரியாக்சோன். நரம்பில் ஏறினால் மூளை நீருக்குள் போதிய அளவு போய்ச்சேரும். நியூமோகாக்கஸ் சில இடங்களில் இதற்கும் மசிவதில்லை என்பதால் வான்கோமைசினும் கூடச் சேரும். சிசுக்களுக்கும் முதியவர்களுக்கும் மருந்துச் சேர்க்கை மாறும். அழற்சியை அடக்க டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டையும் முதல் ஊசியோடு தருவார்கள். 2002-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் மோசமான விளைவுகள் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தன. அதே மருந்து ஆப்பிரிக்காவின் மலாவியில் பலன் தரவில்லை. ஐரோப்பாவில் நிரூபித்ததை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஏழை நாட்டில் போட முடியாது என்பதற்கு இது ஒரு பாடம்.

நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் மருந்து உண்டு. மெனிங்கோகாக்கஸ் என்று தெரிந்தால் சிப்ரோஃப்ளாக்சாசின் ஒரே வேளை, அல்லது இரண்டு நாள் ரிஃபாம்பிசின். மூக்கில் குடியிருக்கும் கிருமியைத் துரத்துவதற்கு. 2017-ல் நைஜர் நாட்டில் ஒரு படி மேலே போய், நோய் வந்த கிராமம் முழுவதற்கும் ஒரு வேளை சிப்ரோ கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கிராமங்களில் நோய் பாதிக்கும் கீழே இறங்கியது.

இத்தனையும் இருந்தும் பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் வந்தவர்களில் 6 பேரில் ஒருவர் இன்றும் இறக்கிறார். 5 பேரில் ஒருவர் வாழ்நாள் பாதிப்போடு வீடு திரும்புகிறார். கேட்கும் திறன் போவது, வலிப்பு, கை கால் விழுவது, படிப்பில் பின்தங்குவது என்று அது நீளும். மருந்து எவ்வளவு நல்லதானாலும் நோய் முதலில் கிளம்பிவிடுகிறது. மருந்து பின்னால் ஓடுகிறது.

கானோவின் காயம்

1996-ல் வட நைஜீரியாவின் கானோ நகரம் அந்தப் பெரிய அலையின் நடுவில் இருந்தது. தொற்றுநோய் மருத்துவமனையில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் எண்ணெயில் கலந்த குளோரம்ஃபெனிகாலை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தசையில் ஒரே ஒரு முறை போட்டால் போதும்; மருந்து மெல்ல மெல்ல ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் கிடக்கும்போது, நரம்பில் டியூப் போட்டு வேளைக்கு வேளை மருந்து ஏற்ற ஆள் ஏது? ஏழையின் கொள்ளைநோய்க்கு ஏற்ற மருந்து அது. (பின்னாளில் அதைத் தயாரிப்போர் அருகிப்போனார்கள், நைஜரில் நடந்த சோதனையில் ஒரே ஒரு செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அதே பலன் தருகிறது என்று தெரிந்ததும் அதன் இடத்தை இது பிடித்துக்கொண்டது.)

அதே மருத்துவமனை வளாகத்துக்கு ஏப்ரலில் ஃபைசர் நிறுவனத்தின் குழு வந்தது. டிரோவான் என்ற புதிய மருந்தை 100 குழந்தைகளுக்கும், ஒப்பிடுவதற்காக செஃப்ட்ரியாக்சோனை 100 குழந்தைகளுக்கும் கொடுத்தது. இரு தரப்பிலும் சேர்த்து 11 குழந்தைகள் இறந்தார்கள். 2000-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' இதை வெளியில் கொண்டுவந்தது. பெற்றோருக்கு இது சோதனை என்று புரியும்படி சொல்லவில்லை, ஒப்பீட்டு மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம், குழந்தைகள் இறந்தது நோயால்தான் என்பது நிறுவனத்தின் பதில். 2009-ல் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே கானோ மாநில அரசுடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

பணம் கைமாறியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 2003-ல் கானோவில் போலியோ சொட்டு மருந்தையே நிறுத்திவைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டுவரும் மருந்தின் மேல் வந்த சந்தேகத்துக்கு அந்த 200 குழந்தைகளின் நினைவும் ஒரு காரணம். அங்கிருந்து போலியோ பல நாடுகளுக்குப் பரவியது. அந்த மண்ணில் இனி ஒரு புதிய ஊசியைக் கொண்டுபோவதென்றால் அது எப்படிப்பட்ட காரியம் என்பதை இங்கே யோசித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கொடுப்பீர்கள்?

தடுப்பூசி ஏற்கெனவே இருந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வுக்கூடத்தில், கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாக்கினார் எமில் காட்ஷ்லிஷ். படைமுகாம்களில் நன்றாக வேலை செய்தது. ஆனால் 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரையைப் பார்த்து எதிர்ப்பைக் கற்றுக்கொள்வதில்லை. பெரியவர்களுக்கும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் பாதுகாப்பு கரைந்துவிடும். மூக்கில் குடியிருக்கும் கிருமியை அது அசைக்காது. ஆகவே நோய் வெடித்த பிறகு ஓடிப்போய் ஊசி போடுவதுதான் ஆப்பிரிக்காவில் நடைமுறையானது. ஒரு வாரத்தில் ஒரு லட்சம் பேருக்கு 3 பேர் என்றால் எச்சரிக்கை, 10 பேர் என்றால் கொள்ளைநோய் என்று இப்போது வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பைத் தாண்டி, ஊசிக்கு விண்ணப்பம் போட்டு, விமானத்தில் சரக்கு இறங்குவதற்குள் பாதிச் சாவு முடிந்திருக்கும்.

அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டால் கைக்குழந்தையின் உடம்பும் அதைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும். மூக்கிலிருந்தும் கிருமி காலிசெய்யும். இந்த உத்தி ஹிப் கிருமிக்கு 1980களிலேயே கைகூடிவிட்டது. பிரிட்டன் 1999-ல் சி வகை மெனிங்கோகாக்கஸுக்கும் இப்படி ஊசி போட்டு நோயை ஒடுக்கியது. ஆப்பிரிக்காவைக் கொன்றுகொண்டிருந்தது ஏ வகை. பணக்கார நாடுகளில் ஏ வகை இல்லை. ஆக, ஊசியும் இல்லை.

2001-ல் பில் - மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் தந்தது. உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற அமைப்பும் சேர்ந்து தொடங்கிய திட்டத்துக்கு மார்க் லாஃபோர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தலைவரானார். அவர் முதலில் செய்ததுதான் எனக்குப் பிடித்த காரியம். ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல், ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளிடம் போய் 'ஒரு டோஸுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று கேட்டார். 50 சென்ட்டுக்கு மேல் முடியாது என்றார்கள். வாங்க முடியாத ஊசியைக் கொண்டுவருவதைவிட ஊசியே இல்லாமல் இருப்பது மேல் என்ற அர்த்தத்தில் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னதாக லாஃபோர்ஸ் பின்னர் சொல்லிவந்தார். விலையை முடிவுசெய்த பிறகு மருந்தைத் தேடினார்கள். நம் ஊர்ச் சந்தையில் பழகிய வழிதான்; ஆனால் மருந்து உலகத்தில் அது தலைகீழ்.

பெரிய ஐரோப்பிய நிறுவனங்கள் அந்த விலைக்கு இணங்கவில்லை. 2002-ல் பேச்சு முறிந்தது. அப்போது உள்ளே வந்தது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட். பந்தயக் குதிரை வளர்த்த பூனாவாலா குடும்பம் 1966-ல் தொடங்கிய நிறுவனம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளை மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு சீரம் எடுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அந்த வேலையை நாமே செய்தால் என்ன என்று இறங்கியவர்கள். ஃபிளெக்ஸ்னரின் குதிரைகளிலிருந்து பார்த்தால் இது ஒரு வட்டம்தான்.

சர்க்கரையையும் டெட்டனஸ் புரதத்தையும் பிணைக்கும் நுட்பத்தை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் ஆய்வகத்தில் கார்ல் ஃபிராஷ், ராபர்ட் லீ ஆகியோர் எளிமைப்படுத்தியிருந்தார்கள். புனேயின் விஞ்ஞானிகள் அங்கே போய்க் கற்று வந்தார்கள். சர்க்கரை ஆரம்பத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. மனிதர்களிடம் முதல் சோதனை 2005-ல் இந்தியாவில். அடுத்து மாலியிலும் காம்பியாவிலும். ஊசியின் பெயர் மெனாஃப்ரிவாக். விலை 40 சென்ட், அன்றைய மதிப்பில் 18 ரூபாய்.

2010 டிசம்பர் 6-ந் தேதி புர்கினா ஃபாசோ நாட்டில் தொடங்கினார்கள். 1 முதல் 29 வயது வரையுள்ள எல்லோருக்கும் ஊசி. நோய் வரும்வரை காத்திராமல், புழுதிக் காலம் தொடங்கும் முன்பே ஒரு நாட்டின் இளைய தலைமுறை முழுவதையும் வரிசையில் நிறுத்தியது அதுதான் முதல் முறை. பத்தே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போட்டு முடித்தார்கள்.

பலனைச் சொல்ல அதே பட்டையிலிருக்கும் சாட் நாட்டின் கணக்கு ஒன்று போதும். ஊசிக்கு முன் 4,278 பேரின் தொண்டையில் துடைத்துப் பார்த்ததில் 32 பேரிடம் ஏ வகை குடியிருந்தது. ஊசி போட்டுச் சில மாதம் கழித்து 5,001 பேரிடம் பார்த்தார்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தது. நோய் 94 சதவீதம் குறைந்தது. ஊசி போட்டவர்களைக் காத்ததோடு, குடியிருப்பையே காலிசெய்ததால் போடாதவர்களையும் காத்தது.

2012-ல் பெனின் நாட்டில் இன்னொன்றையும் முயன்று பார்த்தார்கள். தடுப்பூசி என்றால் ஐஸ் பெட்டி, மின்சாரம், ஃபிரிட்ஜ் என்று ஒரு ஊர்வலமே கூடவரும். மெனாஃப்ரிவாக் 40 டிகிரி வெயிலிலும் 4 நாள் தாங்கும் என்று சோதனைகளில் தெரிந்திருந்தது. ஆகவே பனிக்கட்டி இல்லாமலேயே கிராமங்களுக்கு எடுத்துப்போய் ஒன்றரை லட்சம் பேருக்குப் போட்டார்கள். ஒப்புதல் பெற்று இப்படிக் கொண்டுசெல்லப்பட்ட முதல் தடுப்பூசி இதுவே. ஐஸ் கட்டி சுமக்கும் வேலை மிச்சமானது சின்ன விஷயமாகத் தெரியலாம். மின்சாரமே வராத ஊரின் செவிலியரைக் கேட்டால் தெரியும்.

இதுவரை 35 கோடிப் பேருக்கு மேல் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2017-க்குப் பிறகு பட்டை முழுவதிலும் ஏ வகை நோயாளி ஒருவர்கூட உறுதியாகவில்லை.

காலியான இடத்தில் வந்தவர்கள்

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2015-ல் நைஜரில் சி வகை கிளம்பி 8,500-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 2017-ல் அதே வகை வட நைஜீரியாவில் பரவி 14,000-க்கும் மேற்பட்டோரைச் சாய்த்தது; 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்ட ஸம்ஃபாரா மாநிலத்தின் ஆளுநர், மக்களின் ஒழுக்கக்கேட்டுக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்ற ரீதியில் பேசி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கானோவின் முஸ்லிம் தலைவரான அமீரே அவரைக் கண்டித்தார். ஆளுநர்கள் பேசும் பேச்சு எந்த நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இதற்கு விடையாகப் புனேயில் உருவானதுதான் மென்ஃபைவ். ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் என்று ஐந்து வகைகளுக்கும் ஒரே ஊசி. எக்ஸ் வகைக்கு இதற்கு முன் உலகில் எங்குமே தடுப்பூசி இருந்ததில்லை. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தகுதிச் சான்று தந்தது. 2024 ஏப்ரலில் நைஜீரியா முதல் நாடாக இதைப் போடத் தொடங்கியது. அதற்கு முந்தைய சில மாதங்களில் மட்டும் அங்கே ஏழு மாநிலங்களில் 153 பேர் இறந்திருந்தார்கள்.

ஆனால் இதன் விலை 3 டாலருக்குப் பக்கம். 40 சென்ட் எங்கே, 3 டாலர் எங்கே? ஐந்து சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிணைக்கும் செலவு அதில் இருக்கிறது என்பது நியாயமே. 2030-க்குள் மெனிஞ்சைட்டிஸ் கொள்ளைநோய்களை ஒழிப்பது என்று 2020-ல் உலக நாடுகள் ஒன்றுகூடித் தீர்மானம் போட்டிருக்கின்றன. 50 சென்ட்டுக்கு மேல் முடியாது என்று சொன்ன நாடுகளின் கஜானா இந்த இடைவெளியில் ஆறு மடங்கு பெருத்துவிடவில்லை. நன்கொடையாளர் கை சுருங்கும் ஆண்டில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தத் தீர்மானத்தில் பதில் இல்லை.

நம் வீட்டுப் பக்கம்

தமிழ்நாட்டில் புழுதிக் காலமும் இல்லை, மெனிங்கோகாக்கஸ் அலையும் இல்லை. டெல்லி 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் அதைப் பார்த்திருக்கிறது. 2008-09ல் மேகாலயா பார்த்தது. நம் குழந்தைகளைக் கொன்றவை மற்ற இரண்டும்: ஹிப்பும் நியூமோகாக்கஸும். 'இந்தியாவில் ஹிப் அவ்வளவாகக் கிடையாது' என்று ஒரு காலத்தில் நிபுணர்கள் பலரே வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 1990களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைக்க, நாட்டின் சில பெரிய மருத்துவமனைகள் முதுகு நீரையும் ரத்தத்தையும் முறையாக வளர்த்துப் பார்த்தபோதுதான் அந்த வாதம் ஆட்டம் கண்டது. தேடாததால் கிடைக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

2011 டிசம்பரில் ஹிப் ஊசி அடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் இரண்டு: தமிழ்நாடும் கேரளாவும். எதிர்ப்பும் வழக்கும் இருந்தன. அதன்பின் சென்னையின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் வேலூரும் சேர்ந்து மருத்துவமனைகளில் நடத்திய கண்காணிப்பில், 5 வயதுக்குட்பட்டோரின் பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸில் பெரும்பங்கு நியூமோகாக்கஸ் என்று தெரிந்தது. அதற்கான பி.சி.வி. ஊசி தனியார் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்றுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2017-ல் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கி, 2021-ல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதற்கும் அது இலவசமாக வந்தது. 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணை. பென்டாவேலன்ட் 6, 10, 14-வது வாரங்களில். புதன்கிழமை ஊசி நாளில் கிராம சுகாதார செவிலியரிடமே கிடைக்கும். 9-வது மாத ஊசிதான் அதிகம் விட்டுப்போவது. பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டது, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். பிறந்த அன்று போடும் பி.சி.ஜி. காசநோய் மெனிஞ்சைட்டிஸிலிருந்து காக்கும். அந்த நோய் மணிக்கணக்கில் கொல்லாது. வாரக்கணக்கில் தலைவலி, சோர்வு, லேசான காய்ச்சல் என்று மெதுவாக உள்ளே போகும். அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

மெனிங்கோகாக்கஸ் ஊசி நம் தேசியப் பட்டியலில் இல்லை. ஹஜ் பயணிகளுக்கு மட்டும் கட்டாயம். 1987-ல் மக்காவில் ஏ வகை பரவி யாத்திரிகர்களோடு பல நாடுகளுக்குப் போனது. அடுத்த ஆண்டே சூடானிலும் சாட்டிலும் பெரிய அலை. 2000-ல் டபிள்யூ வகை பரவியது. அதன்பின் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைக்கும் சேர்த்து ஊசி போட்டால்தான் விசா. மண்ணீரலை எடுத்தவர்கள், விடுதியில் தங்கிப் படிக்க வெளிநாடு போகும் மாணவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியதும் இதுவே.

பிழைத்து வரும் குழந்தைகளைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. காய்ச்சல் நின்று, பிள்ளை சிரிக்கத் தொடங்கியதும் வீட்டார் ஆஸ்பத்திரியைவிட்டு ஓடப் பார்ப்பார்கள். ஆனால் இந்த நோய் செவியின் உட்சுருளைத் தாக்கியிருந்தால் சில வாரங்களிலேயே அது எலும்பாக இறுக ஆரம்பித்துவிடும். இறுகிவிட்ட பிறகு, கேட்க உதவும் காக்ளியர் கருவியைப் பொருத்துவது மிகக் கடினம். கூப்பிட்டால் திரும்பவில்லை என்று வீட்டில் சந்தேகம் வருவதற்கே அதைவிட நாளாகும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே அந்தக் கருவியைப் பொருத்திக்கொள்ளலாம். வீட்டுக்குப் போகும் முன்பே, முடியாவிட்டால் நான்கு வாரத்துக்குள், பிள்ளையின் காதைப் பரிசோதிக்கச் சீட்டு எழுதித் தரும்படி வார்டு மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.